வாள் ஏந்தாத புலவருக்கு ஒரு நினைவுக் கல்

கள்ளக்குறிச்சி மாவட்டம் திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றில் ஒரு பாறை நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு சிறு கோவில். மக்கள் அதைக் கபிலர் குன்று என்று அழைக்கிறார்கள்.

யார் இந்தக் கபிலர்?

சுமார் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சங்கப் புலவர். பறம்பு மலையை ஆண்ட வள்ளல் பாரியின் உயிர்த்தோழர். முல்லைக் கொடி படரத் தன் தேரையே கொடுத்தவன் அந்தப் பாரி.

மலையைச் சூழ்ந்த படை

பறம்பு நாட்டில் 300 ஊர்கள் இருந்தன. சேர, சோழ, பாண்டியர் மூவரும் படையோடு வந்து மலையை முற்றுகையிட்டார்கள். உள்ளே உணவு குறைந்தது. கபிலர் கிளிகளைப் பழக்கி, வெளியிலிருந்து நெற்கதிர் கொண்டுவரச் செய்தாராம்!

கடைசியில் பாரி மாண்டான். பறம்பு வீழ்ந்தது.

நண்பனோடு தாமும் உயிர் விடவே கபிலர் விரும்பினார். பாரியோ அதற்கு இசையவில்லை. அவனுடைய பெண்கள் இருவரும் தந்தையை இழந்து நின்றார்கள். அவர்களுக்கு இனி யார் துணை?

வாசல் தோறும் நடந்தார்

பெண்களை அழைத்துக்கொண்டு கபிலர் புறப்பட்டார். விச்சிக்கோனிடம் கேட்டார். இருங்கோவேளிடம் கேட்டார். திருமணம் கூடவில்லை. மூவேந்தரின் பகைக்கு அஞ்சினார்கள் போலும்! பெண்களை அந்தணர் வீட்டில் அடைக்கலமாக விட்டார்.

சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடி, லட்சம் பொற்காசு பரிசு பெற்றார் கபிலர். செல்வம் வந்தும், நண்பனின் நினைவு அவரை விடவில்லை.

கல் சொல்லும் முடிவு

ராஜராஜ சோழன் (985-1014) காலத்துக் கல்வெட்டு ஒன்று திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோவிலில் இருக்கிறது. பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்த பின், கபிலர் பெண்ணை ஆற்றங்கரையில் தீயில் புகுந்தார் என்று அது கூறுகிறது. அந்த இடத்தைக் கபிலக்கல் என்றும் குறிக்கிறது.

கடமை முடிந்தது. நண்பனைத் தேடிப் போய்விட்டார்!

உ.வே.சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றை அச்சிட்ட பிறகே, பாரியின் கதையைச் சொல்லும் பழம் பாட்டுகள் எல்லோர் கைக்கும் எட்டின. ஏட்டில் அவை மறைந்து கிடந்த காலத்திலும், இந்த ஊர்க் கல்லில் புலவரின் கதை அழியாமல் இருந்தது.

போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் நடுவது தமிழர் வழக்கம். கபிலர் வாள் எடுத்தவர் அல்லர். போருக்குப் பின் மிஞ்சிய இரண்டு பெண்களைக் காப்பாற்றக் கால் தேய நடந்தவர். கபிலரின் பெயரைப் பெண்ணை ஆற்றுப் பாறை இன்றும் தாங்கி நிற்கிறது.