கால் ஓய்ந்த பின்னர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சனாதிபதியாக நான்கு முறை தெரிவுசெய்யப்பட்டவர் பிராங்கிளின் டெலனோ றூஸ்வெல்ற் ஒருவரே. இளம்பிள்ளை வாதத்தினால் வீழ்ந்த அவர் தம் மனவுறுதியால் அந்நோயை வென்று மீண்டும் எழுந்து நடந்தார் என மாணவர்க்குக் கூறுவது ஆசிரியர் பலர்க்கு வழக்கம். நாமும் ஒருகாலத்தில் வகுப்பறையிலே அவ்வாறே கூறிவந்தோம். பின்னர் அவர் வரலாற்றை ஊன்றிக் கற்றபோது அது பிழையென அறிந்து நாணினோம். அவர் அந்நோயை வெல்லவில்லை. 39ஆம் வயதில் ஓய்ந்த கால்கள் 63ஆம் வயதில் அவர் இறக்குமளவும் ஓய்ந்தே கிடந்தன. அங்ஙனமாயின் அவர் செய்ததுதான் யாது? அதனைக் கூறவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

நியூயோர்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள ஹைட் பார்க் என்னுமூரில், 1882ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் செல்வக் குடியொன்றிலே அவர் பிறந்தார். தாய்க்கு ஒரே பிள்ளை. ஹாவாட் பல்கலைக்கழகத்திற் கற்று, 1905இல் எலினோர் அம்மையாரை மணந்து, 1910இல் மாநில மேற்சபை உறுப்பினராகி, 1913 முதல் 1920 வரை கடற்படைத் துறையின் உதவிச் செயலாளராக இருந்தார். 1920இல் உப சனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். இவையெல்லாம் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பலர்க்கும் கிட்டக்கூடியனவே. ஆயின் ஒன்று குறிக்கத்தக்கது: சிறு பிராயம் முதல் அவர் உள்ளம் கடலிலேயே கிடந்தது. கனடா நாட்டுக் கரையோரமாயுள்ள கம்போபெல்லோ என்னும் தீவிலே கோடைகாலத்தைக் கழிப்பது அக்குடும்பத்தார் வழக்கம். அங்குள்ள நீரோட்டங்களும் பாறைகளும் அவர்க்கு மனப்பாடம். பாய்க்கப்பலைச் செலுத்துவதில் அவர் வல்லவர்.

அத்தீவிலேதான் 1921 ஓகஸ்ட் 10ஆம் நாள் விதி அவரைச் சந்தித்தது. பிள்ளைகளோடு படகோட்டி வந்தவர், கரையோரக் காட்டிலே தீப்பற்றியிருப்பதைக் கண்டு இறங்கி, பச்சைக் கொம்புகளால் அடித்து அணைத்தார். பின்னர் நீந்திக் குளித்து, ஈர உடையுடனேயே வீட்டு முகப்பிலிருந்து கடிதங்களைப் படித்தார். அன்றிரவே உடல் நடுங்கிற்று. மறுநாட் காலையில் ஒரு கால் தளர்ந்தது. அதற்கடுத்த நாள் எழுந்து நிற்கவும் இயலவில்லை. முதிய வைத்தியரொருவர் நோயைப் பிழையாக மதித்துக் கால்களைப் பிசைந்துவிடச் சொன்னார். இரண்டு வாரத்தின் பின்னரே பொஸ்ரன் நகரத்து வைத்தியரொருவர் வந்து, இது இளம்பிள்ளை வாதம் எனத் துணிந்தார். (2003இல் ஆய்வாளர் சிலர் அது வேறொரு நரம்பு நோயாயிருக்கலாமென எழுதினர். எதுவாயினும் கால்கள் மீளவில்லை.)

வீட்டிலே இரு கட்சிகள் தோன்றின. மகன் ஊர் திரும்பி, நூல்களோடும் தபால் முத்திரைத் தொகுப்போடும் அமைதியாகக் காலங்கழிக்க வேண்டும் என்பது தாயார் சாறாவின் எண்ணம். அவர் பொதுவாழ்விலிருந்து விலகலாகாது என்று மனைவியாரும் லூயி ஹவ் என்னும் நண்பரும் உறுதியாக நின்றனர். தாயைக் குறைகூற நாம் விரும்பவில்லை. எத்தாயும் அவ்வாறே எண்ணியிருப்பாள். ஆயினும் அன்று அவள் சொல் வென்றிருப்பின், இன்று இவ்வரலாற்றை எழுதுவாரும் இலர், படிப்பாரும் இலர்.

அதன்பின் ஏழாண்டுகள் அவர் ஒரே நோக்கத்தோடு முயன்றார். இடுப்பிலிருந்து பாதம் வரை இரும்புச் சட்டங்களைப் பூட்டி, அக்குளில் ஊன்றுகோல்களை இடுக்கி, வீட்டு வாயிலிலிருந்து பெருந்தெரு வரை நடந்துவிட வேண்டுமென நாள்தோறும் புறப்படுவார். ஒருநாளாவது அத்தெருவை எட்டினாரல்லர். வீடு தீப்பற்றினால் என் செய்வது என்ற அச்சத்தினால், கைகளாலேயே தவழ்ந்து வெளியேறவும் பழகிக்கொண்டார். தோள்களும் கைகளும் மல்லர்க்குரியவைபோற் பருத்தன.

1924இல் கட்சி மாநாடு நியூயோர்க்கில் நடந்தபோது, அல் சிமித் என்பவரைப் பிரேரித்துப் பேசும் பொறுப்பு அவர்க்குக் கிடைத்தது. மகன் ஜேம்சின் தோளைப் பற்றிக்கொண்டு மேடையை அடைந்து, எஞ்சிய சில அடி தூரத்தை இரு ஊன்றுகோல்களின் துணையுடன் தனியே கடந்தார். பல்லாயிரவர் மூச்சடக்கிப் பார்த்திருந்தனர். மேசையைப் பற்றிய பிடியை விட்டால் விழுந்துவிடுவார். ஆதலின் ஆரவாரித்த மக்களுக்குக் கையசைக்கவும் அவரால் இயலவில்லை. தலையைப் பின்னே சாய்த்துப் புன்னகைத்தார். சிமித் அம்மாநாட்டிலே தெரிவாகவில்லை. ஆனால் வந்தோர் அனைவரும் றூஸ்வெல்ற்றை நினைவிற்கொண்டு வீடு திரும்பினர்.

அவ்வாண்டு ஒக்டோபரில் ஜோர்ஜியா மாநிலத்து வாம் ஸ்பிறிங்ஸ் என்னுமிடத்துக்கு அவர் சென்றார். அங்கே 88 பாகை பரன்ஹைற் வெப்பமுடைய ஊற்றுநீர் மலையடியிற் சுரக்கின்றது. அந்நீரிலே தோள்வரை நின்றபோது, நிலத்தில் நடவாத கால்கள் சிறிது அசைந்தன. செய்தி பத்திரிகையில் வெளிவரவே, நோயுற்ற பிறரும் அழையாமலே வந்து சேர்ந்தனர். விடுதியிலே தங்கியிருந்தோர் அவர்களோடு ஒரே நீரிற் குளிக்கவும் உண்ணவும் அஞ்சியபோது, அவர்களுக்கு வேறு குளமும் உணவறையும் அமைக்கப்பட்டன. றூஸ்வெல்ற் நீரிலிறங்கித் தாமே அவர்களுக்குப் பயிற்சி கற்பித்தார். 1926இல் கிட்டத்தட்ட இரண்டு இலட்சம் டொலர் கொடுத்து அவ்விடம் முழுவதையும் வாங்கினார். அது அவர் செல்வத்திற் பெரும்பகுதி. மறு ஆண்டிலே அதனை ஒரு தரும நிலையமாக்கினார். கைகளாலேயே இயக்கத்தக்கவாறு மாற்றிய போர்ட் மோட்டார் வண்டியிலே அயற் கிராமங்களெங்குஞ் சென்று, கமக்காரரோடு வண்டியிலிருந்தவாறே உரையாடினார். மின்சாரமில்லாத வீடுகளையும் கடனில் மூழ்கிய குடிகளையும் அவர் நேரிற் கண்டது அங்கேதான். எனினும் அந்நிலையம் வெள்ளையர்க்கு மட்டுமே இடமளித்தது என்பதை மறைத்தல் தகாது. கறுப்பினத்தார்க்கெனத் தஸ்கிகீ என்னுமிடத்தில் ஒரு சிகிச்சை நிலையம் 1941இலேயே திறக்கப்பட்டது.

1928இல் அவர் வாழ்வின் திருப்பம் நேர்ந்தது. நியூயோர்க் மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிடுமாறு சிமித் வற்புறுத்தினார். இன்னும் ஓரிரு ஆண்டுகள் வாம் ஸ்பிறிங்சில் இடையறாது முயன்றால் இரும்புச் சட்டத்தைக் கழற்றலாமென்ற நம்பிக்கை அவ்வேளையிலும் அவர்க்கு இருந்தது. போட்டியிட்டால் அந்நம்பிக்கையைக் கைவிடவேண்டும். கால்களா, கருமமா என்ற வினா அவர்முன் நின்றது. பலமுறை மறுத்தவர், ஈற்றில் இசைந்தார். எம் கருத்துப்படி அவருடைய வீரம் மேடையிலே நடந்த அந்தச் சில அடிகளிலன்று, இவ்விசைவிலேதான் இருக்கின்றது. தேர்தற் காலத்தில் ஒரு மண்டபத்தின் புறப்படிக்கட்டு வழியே ஆட்கள் அவரைச் சுமந்து ஏற்றினர். அங்ஙனம் சுமக்கப்படுவதை முகஞ்சுழியாது ஏற்று, உள்ளே சென்றதும் உடையைத் திருத்திக்கொண்டு பேசத் தொடங்கினார். ஏறத்தாழ 25,000 வாக்குகளால் வென்றார்.

1932 யூலையிலே சனாதிபதி வேட்பாளராகத் தெரிவானதும், வழக்கத்துக்கு மாறாக ஆகாயவிமானமேறிச் சிக்காகோ மாநாட்டுக்கே சென்று அதனை ஏற்றார். மறு ஆண்டு மார்ச்சில் பதவியேற்றார். யூன் மாதத்திலே, அம்பர்ஜாக் என்னும் 45 அடிப் பாய்க்கப்பலின் சுக்கானைத் தாமே பற்றி, மூடுபனியினூடாக வடக்கே கம்போபெல்லோவுக்குச் சென்றார். படுக்கையிலே கிடத்திக் கொண்டுசெல்லப்பட்ட நாளுக்குப் பின்னர் அத்தீவை அவர் காண்பது அதுவே முதன்முறை.

தம் குறையை உலகினர் கண்ணிலிருந்து அவர் மறைத்தே வந்தார். சமையலறை நாற்காலிக்குச் சக்கரம் பூட்டி அமைத்த சிறு வண்டியிலே வீட்டினுள் உலாவினார். அதனைப் படமெடுக்கப் பத்திரிகையாளர் விடப்பட்டிலர். 1936இல் பிலடெல்பியா மாநாட்டு மேடையருகே இரும்புச் சட்டத்தின் பூட்டு விலக, அவர் நிலத்தில் விழுந்தார். சேறு துடைத்து, சிதறிய தாள்களை ஒழுங்காக்கி, சில நிமிடத்தில் மக்கள்முன் தோன்றினார். விழுந்ததைப் பெரும்பாலோர் அறிந்திலர். அவர் மறைத்தது சரியோ என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. வாஷிங்ரனில் 1997இல் அமைந்த நினைவிடத்தின் சிலை மேலாடையாற் கால்களை மூடியிருந்தது. மாற்றுத்திறனாளிகள் அதனை எதிர்த்து வாதாடியதன் பயனாக, சக்கர நாற்காலியில் அமர்ந்த சிலையொன்று 2001இல் வாயிலில் நிறுவப்பட்டது.

ஆனால் ஒரு சாரார்க்கு மட்டும் அவர் மறைத்ததில்லை. 1944 யூலையில், உலகப் போரின் நடுவே, ஹவாய்த் தீவுக்குச் சென்றார். அங்குள்ள இராணுவ வைத்தியசாலையில், கையும் காலும் இழந்த இளம் போர்வீரர் கிடந்த விடுதிகளினூடே தம்மைச் சக்கர நாற்காலியில் மெல்ல மெல்லத் தள்ளிச் செல்லுமாறு பணித்தார். கட்டிலுக்குக் கட்டில் நின்று பேசினார். நாட்டின் தலைவர் அவர், படைக்கும் தலைவர். அவ்விளைஞர் தம் சூம்பிய கால்களை நன்றாகப் பார்க்க வேண்டுமென்பதே அவர் நோக்கம். வாம் ஸ்பிறிங்ஸ் நீரிலே நோயாளரிடையே நின்ற அதே மனிதரை அங்கே நாம் காண்கின்றோம். 1945 மார்ச் 1ஆம் நாள், யால்ற்றா மாநாட்டிலிருந்து மீண்டவர், அமர்ந்தபடியே காங்கிரஸ் சபையில் உரையாற்றி, கால்களிற் சுமக்கும் இரும்பைக் குறிப்பிட்டு அதற்குப் பொறுத்தருளுமாறு வேண்டினார்.

அடுத்த மாதம் 12ஆம் நாள் வாம் ஸ்பிறிங்சிலேயே மூளையிற் குருதி பெருகி உயிர்நீத்தார். அவர் 1938இல் தொடங்கிய இளம்பிள்ளை வாத நிதியத்துக்கு மக்கள் பத்துச் சதம் பத்துச் சதமாக அனுப்பிய பணத்தினாலேயே சோல்க் என்னும் அறிஞரின் ஆராய்ச்சி நடந்தது. அவர் கண்ட தடுப்பு மருந்து பயன்தருவதென்ற செய்தி 1955 ஏப்பிரல் 12ஆம் நாள் வெளியிடப்பட்டது. அது றூஸ்வெல்ற் மறைந்த பத்தாம் ஆண்டு நிறைவு நாள். பின்னர் சொட்டு மருந்தும் வந்தது. நாம் பிள்ளைகளாயிருந்த காலத்தில் கால் சூம்பியவர் எம்மூர்த் தெருக்களில் அருமையல்லர். இலங்கையில் 1993ஆம் ஆண்டிற்குப் பின்னர் அந்நோய் பிள்ளையெதனையும் முடமாக்கியதில்லை.