இரட்டைமலை சீனிவாசனாரும் ஒரு பெயரும்

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தவர் என்பதை நம் இளைஞர்கள் அறிவர். நாம் இங்கு எழுத விழைவது, அவர் வாழ்வில் ஒரு சாதிப் பெயர் பெற்ற இடத்தைப் பற்றியாகும்.

கோவையில் அவர் பயின்ற காலத்தில், ஏறத்தாழ 400 மாணாக்கருள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். நட்புக் கொண்டால் சாதியைக் கேட்பர். அறிந்தால் இழிவாக நடத்துவர். ஆகவே அவர் பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்திருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். ஒரு பிள்ளையின் கல்விக்காலம் ஒரு சொல்லுக்கு அஞ்சியே கழிந்ததெனில் அக்கொடுமையை என்னென்பது! ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு, அவர் வரலாற்றில் மற்றெதனினும் இதுவே நெஞ்சை உறுத்துகின்றது.

அவரே 1893 அக்டோபரில் சென்னையில் நான்கு பக்கத் திங்களிதழ் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு இட்ட பெயர் பறையன். உழைத்து வாழ்ந்த மக்களின் அப்பெயர் ஊரார் வாயில் வசையாயிற்று. ஐரோப்பிய மொழிகளிலோ, விலக்கப்பட்ட எவரையும் சுட்டும் பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. அப்பெயரை மறைக்குமளவும் அச்சம் நீங்காது, அஞ்சுபவன் உரிமை கேளான் என்பது சீனிவாசனார் கருத்து. முதலிதழ் சென்னையில் இரண்டே நாட்களில் 400 படிகள் விற்றதாம். கோவை வகுப்பறையை எண்ணிப் பார்க்கையில் இவ்வெண் நமக்குத் தனி மகிழ்ச்சி தருகின்றது.

எல்லாரும் உடன்பட்டனரா எனின், இல்லை. அவர் சகோதரியின் கணவரான பண்டிதர் அயோத்திதாசர், அப்பெயர் பூர்வ பௌத்தர்களைத் தாழ்த்தப் பகைவர் சூட்டியது என மறுத்தார். 1907இல் தம் இதழுக்கு ஒரு பைசாத் தமிழன் எனப் பெயரிட்டார். எம்.சி. ராஜா 1922இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அரசு ஏடுகளில் பறையர், பஞ்சமர் என்பவற்றுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என வரச் செய்தார். இவர்களுள் யார் சரி என வழக்காடும் இளைஞர்களை நாம் கண்டதுண்டு. மூவரையும் சுட்டது ஒரே இழிவு என்பதை அவர்கள் நினைவிற் கொள்வார்களாக.

தென்னாப்பிரிக்காவில் பணிபுரிந்து 1921இல் தாயகம் திரும்பிய சீனிவாசனார், 1923இல் சட்டமன்ற நியமன உறுப்பினரானார். மறு ஆண்டு அவர் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றைச் சாதி இந்துக்களுக்கு உள்ள அதே அளவில் அனைவருக்கும் உரியவை ஆக்கியது. இதழின் முகப்பில் சாதிப் பெயரையே பொறித்தவர், இத்தீர்மானத்தில் பொதுச் சாலை, தெருக்களில் நடக்கும் உரிமையைக் கூறுமிடத்து எச்சாதிப் பெயரையும் எழுதவில்லை. எவ்வகுப்பினராயினும் என்றே எழுதினார்.