மணலில் எழுதிய மௌன சாமியார்

அரசர்கள் எதை எதையோ பத்திரப்படுத்துவார்கள். பொன், முத்து, வாள், செப்பேடு என்று அரண்மனைப் பெட்டிகள் நிறைந்திருக்கும். ஆனால் புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர் ஒருவர் மணலைப் பத்திரப்படுத்தினார். அரண்மனையில் வைத்து அதற்குப் பூசை செய்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் அந்த மணலைத் தெய்வமாகப் போற்றினார்கள்.

அந்த மணலில் அப்படி என்ன இருந்தது?

வாய் திறந்து பேசாத ஒரு துறவி அதில் விரலால் எழுதினார். உடுத்தத் துணிகூட வைத்துக்கொள்ளாத அந்தத் துறவியின் பெயர் சதாசிவப் பிரம்மேந்திரர்.

பசியோடு வந்த பிள்ளை

சுமார் 300 ஆண்டுகளுக்கு முந்திய கதை இது. அப்போது தஞ்சாவூரை மராட்டிய மன்னர்கள் ஆண்டு வந்தார்கள். அவர்களில் சாகஜி என்பவர் படித்தவர்களிடம் மிகுந்த அன்பு கொண்டவர். கும்பகோணத்துக்கு அருகே உள்ள திருவிசநல்லூரை 1693-ல் அவர் பண்டிதர்களுக்கு மானியமாகக் கொடுத்தார். ஊர் முழுவதும் கல்விச் சாலை போல ஆயிற்று.

அங்கே படித்த பிள்ளைகளில் ஒருவர் சிவராமகிருஷ்ணன். பிற்காலத்தில் சதாசிவப் பிரம்மேந்திரர் ஆனவர் இவர்தான். புத்தியில் கூர்மை, வாதத்தில் வேகம். அந்தக் கால வழக்கப்படி இவருக்குச் சிறு வயதிலேயே கலியாணம் நடந்துவிட்டது.

ஒரு நாள் பாடம் முடிந்து, நல்ல பசியோடு வீட்டுக்கு வந்தார். வீட்டில் விருந்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மனைவி பருவம் அடைந்த செய்தி வந்திருந்ததால் அந்த விருந்து. சமையல் முடியவில்லை, கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார்கள்.

காத்திருந்தவர் யோசிக்கத் தொடங்கினார். குடும்ப வாழ்க்கை தொடங்கும் முன்பே பசியோடு காத்திருக்க வேண்டியதாயிற்றே, தொடங்கிய பின் இன்னும் எதற்கெல்லாம் காத்திருக்க வேண்டுமோ என்று நினைத்தார். எழுந்தார். வீட்டைவிட்டு வெளியேறினார். திரும்பவே இல்லை.

இப்படித்தான் கதை சொல்கிறது. இங்கே நாம் சற்று நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் துறவியானால், துறக்கப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். பெற்றவள் அழுதிருப்பாள். வாழ வேண்டிய பெண் வாசலைப் பார்த்தபடி நின்றிருப்பாள். கதைகள் எல்லாம் சாமியாரின் பின்னாலேயே போய்விட்டன. அந்தப் பெண்ணைப் பற்றி அவை பேசுவதில்லை.

மற்றவர்கள் இவ்வளவு விலை கொடுத்த துறவு அது. அந்தத் துறவு எதற்குப் பயன்பட்டது?

வாயை மூடிய நாள்

வீட்டைவிட்ட இளைஞர் பரமசிவேந்திரர் என்ற குருவிடம் போய்ச் சேர்ந்தார். சந்நியாசம் பெற்றார். வீடு போயிற்று, உறவு போயிற்று, பெயரும் போயிற்று. ஆனால் ஒன்று மட்டும் போகவில்லை. அதுதான் வாதம் செய்யும் ஆசை.

குருவைப் பார்க்கப் பண்டிதர்கள் வருவார்கள். சீடர் அவர்களை வாதத்துக்கு இழுப்பார். கேள்வி மேல் கேள்வி போட்டுத் தோற்கடிப்பார். பெரியவர்கள் தலை குனிந்து திரும்புவார்கள். குருவிடம் புகார் போயிற்று.

குரு கோபித்துக்கொள்ளவில்லை. இந்த வாயை மூடக் கற்றுக்கொள்வது எப்போது என்று மட்டும் கேட்டார்.

சீடருக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அன்று மூடிய வாய் மூடியதுதான். பிறகு அவர் யாரிடமும் பேசவில்லை. காவிரிக் கரை நெடுகத் திரிந்தார். உடை இல்லை, இருப்பிடம் இல்லை. கையில் யாராவது சோறு வைத்தால் உண்பார். இல்லாவிட்டால் பட்டினி.

தலையணை இல்லாத தூக்கம்

உடம்பை வருத்தும் துறவை நம் புதுக்கோட்டைச் சீமை பழங்காலத்திலேயே கண்டிருக்கிறது. சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் என்ற குகை இருக்கிறது. அதில் 17 கல் படுக்கைகள் உண்டு. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே சமண முனிவர்கள் அங்கே தங்கினார்கள். பாய் இல்லை, மெத்தை இல்லை, வெறும் பாறைதான். ஆனால் தலைமாட்டில் மட்டும் கல்லைச் சற்று மேடாக விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். அதுதான் அவர்களுடைய தலையணை!

சதாசிவரைப் பற்றியும் ஒரு தலையணைக் கதை உண்டு. ஒரு நாள் அவர் வயல் வரப்பில் தலை வைத்துப் படுத்திருந்தார். அந்த வழியே போன பெண்கள், எல்லாவற்றையும் விட்ட சந்நியாசிக்கும் தலைக்கு உயரம் வேண்டியிருக்கிறதே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மறுநாள் அவர் வரப்பை விட்டுவிட்டு, தலையையும் தரையிலேயே வைத்துப் படுத்தார். பெண்கள் அதையும் பார்த்தார்கள். ஊரார் பேச்சைக் கேட்டு நடக்கிறார் என்றால், இவர் இன்னும் முழுச் சாமியார் ஆகவில்லை என்றார்கள்.

தலையணையை ஒரே நாளில் விட்டுவிடலாம். பிறர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற கவலையை விடுவதுதான் கடினம். இதை அவருக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் வயல் வேலைக்குப் போகும் பெண்கள்.

தொண்டைமான் கண்ட காட்சி

புதுக்கோட்டையை அப்போது ஆண்டவர் விஜயரகுநாதராயத் தொண்டைமான். 1730 முதல் 1769 வரை ஆட்சி செய்தவர். 1738-ல், புதுக்கோட்டைக்குக் கிழக்கே உள்ள திருவரங்குளம் காட்டுப் பக்கம் இந்த மௌன சாமியார் வந்திருந்தார். மன்னர் அவரைக் கண்டார், வணங்கினார், உபதேசம் வேண்டி நின்றார்.

பேசாத சாமியார் எப்படி உபதேசிப்பார்? தரையில் உட்கார்ந்தார். மணலைச் சமப்படுத்தினார். தட்சிணாமூர்த்தி மந்திரத்தை விரலால் எழுதிக் காட்டினார்.

தட்சிணாமூர்த்தி யார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆலமரத்தடியில் அமர்ந்து, நான்கு முனிவர்களுக்குப் பேசாமலே பாடம் சொன்ன சிவபெருமான். மௌன குருவின் மந்திரத்தை மௌனமாகவே கொடுத்தார் இந்தத் துறவி. மேற்கொண்டு வழி காட்டுவதற்குக் கோபாலகிருஷ்ண சாஸ்திரி என்ற பண்டிதரின் பெயரையும் எழுதிக் காட்டினார்.

மன்னர் அந்த மணலை அள்ளி எடுத்துக்கொண்டார்.

மணலை அள்ளினால் எழுத்து கலைந்துவிடும் அல்லவா? அரண்மனைக்குப் போனது மணல் மட்டும்தான். எழுதியதை மன்னர் தம் மனத்திலேதான் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மன்னர் காட்டுக்குப் போகவில்லை. மகுடத்தைக் கழற்றவும் இல்லை. நாட்டை ஆண்டுகொண்டே தம் வழியைத் தேடினார். கோபாலகிருஷ்ண சாஸ்திரியை வரவழைத்து ஆதரித்தார். நவராத்திரி விழாவைச் சிறப்பாக நடத்தினார். விழாவுக்கு வந்த மக்களுக்கு அரிசியும் காசும் வழங்கினார். புதுக்கோட்டையின் புகழ்பெற்ற அம்மன் காசு அந்த வழியில் வந்ததுதான் என்பார்கள். சின்னஞ்சிறு செப்புக் காசு அது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் விஜய என்ற சொல்.

துறவி தம்மிடம் இருந்ததை எல்லாம் விட்டார். மன்னர் தம்மிடம் இருந்ததில் பிறருக்குக் கொடுத்தார். இரண்டுமே தன்னலத்தைக் குறைக்கும் வழிகள்தாம்.

மிஞ்சியது என்ன?

வாயால் பேசாதவர் கவி பாடினார் என்பது இன்னொரு வியப்பு. வேதாந்த நூல்கள் எழுதினார். வடமொழியில் கீர்த்தனைகளும் இயற்றினார். அவற்றில் தம் பெயரை வைக்காமல், பரமஹம்ஸ என்ற முத்திரையை வைத்தார். ‘மானஸ சஞ்சரரே’ அவருடைய கீர்த்தனைதான். 1980-ல் ‘சங்கராபரணம்’ திரைப்படத்தின் மூலம் அது பட்டி தொட்டியெல்லாம் ஒலித்தது.

கரூருக்கு அருகே, காவிரிக் கரையில் உள்ள நேரூரில் அவர் சமாதி அடைந்தார். சமாதியின் மேல் வில்வ மரம் நிழல் தருகிறது. ஆண்டுதோறும் நடக்கும் ஆராதனையில் சங்கீத வித்துவான்கள் அவர் முன் அமர்ந்து, அவருடைய பாடல்களையே பாடுகிறார்கள்.

1948 மார்ச் 3-ந் தேதி புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய நாட்டோடு இணைந்தது. மன்னர் ஆட்சி போயிற்று. அம்மன் காசும் செல்லாக் காசாயிற்று. வாதத்தில் அந்த இளைஞர் யார் யாரைத் தோற்கடித்தார் என்பதும் மறந்துபோயிற்று. அவர் பேசாமல் கொடுத்தவைதான் நிலைத்து நிற்கின்றன.

காடு தேடிப் போவது எல்லோராலும் ஆகாது. போகவும் வேண்டாம். நம்மை நம்பி வீட்டில் இருப்பவர்கள் உண்டு. ஆனால் வீட்டில் வாக்குவாதம் முற்றும்போது, ஜெயிக்க வேண்டும் என்று நாக்கு துடிக்கும்போது, ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொள்வது நம்மாலும் ஆகும். திருவரங்குளத்து மணலில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.