இடது கையால் ஒரு கடிதம்



இரண்டாம் ஆண்டில் சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு டிராயிங் ஹாலில் உட்கார்ந்து, இடது கையால் என் பெயரை எழுதிப் பார்த்தேன். ஒண்ணாம் வகுப்புப் பையன் கிறுக்கின மாதிரி இருந்தது. ரெக்கார்டு நோட்டு வேறு முடிக்கவில்லை. படிப்பே வேண்டாம், வீட்டுக்குப் போயிடலாம்னு தோணிச்சு. அந்த நேரத்தில் நூலகத்தில் கையில் அகப்பட்டது ஹொரேஷியோ நெல்சனின் வரலாறு.

நெல்சன் 1758 செப்டம்பர் 29 அன்று இங்கிலாந்தில், நார்ஃபோக் பகுதியிலுள்ள பர்ன்ஹாம் தார்ப் கிராமத்தில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். பன்னிரண்டு வயதிலேயே கடற்படைக்குப் போய்விட்டார். 'சீஹார்ஸ்' என்ற கப்பலில் 1774-ல் நம்ம சென்னைப் பட்டணத்துக்கே வந்திருக்கிறார்! இந்தியக் கடல்களில் கடும் காய்ச்சல் கண்டு, 1776-ல் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். 1794-ல் கோர்சிகா தீவு முற்றுகையில் வலது கண்ணின் பார்வை போயிற்று.

அடுத்து கை. 1797 ஜூலை 24 நள்ளிரவு, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவைத் தாக்கப் படகில் போனார். கரையில் இறங்கும்போதே வலது கையில் முழங்கைக்கு மேல் குண்டு பாய்ந்தது. உடனிருந்த மனைவியின் மகன் ஜோசையா கழுத்துத் துணியால் இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தினான். கப்பலில் வைத்துக் கையை வெட்டி எடுத்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம் அது!

மூன்றாம் நாள், ஜூலை 27, தன் மேலதிகாரி ஜெர்விஸுக்கு இடது கையால் கடிதம் எழுதினார். அதில் வீரவசனம் எதுவும் கிடையாது. நண்பர்களுக்குச் சுமையாகவும் நாட்டுக்குப் பயனற்றவனாகவும் ஆகிவிட்டேன், ஊர் போய்ச் சேர ஒரு கப்பல் கொடுங்கள் என்ற பொருளில்தான் எழுதினார். அடேயப்பா, இவரும் நம்மள மாதிரிதான் நினைச்சிருக்கார் என்று எனக்கு அப்போதுதான் தெம்பு வந்தது.

காயம் மாதக்கணக்கில் ஆறவில்லை. ரத்தக்குழாயைக் கட்டிய நூல் உள்ளேயே சிக்கி வலித்தது. டிசம்பரில் அந்த நூல் கழன்று வந்த பிறகே புண் ஆறியது. வலது கையால் எழுதியபோது அவர் எழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இடது கைக்கு மாறியதும் நிமிர்ந்து, பெரிதாக, வேறு ஆள் எழுதியது போல ஆகிவிட்டது. புதிய கைக்குப் புதிய எழுத்து. சாப்பாட்டுக்குக் கத்தியும் முள்கரண்டியும் ஒன்றாய் இணைந்த கருவியைப் பயன்படுத்தினார்.

1798 மார்ச்சில் மீண்டும் கப்பலேறினார். ஆகஸ்ட் 1 அன்று எகிப்துக் கடற்கரையில் நடந்த நைல் போரில், பிரெஞ்சுக்காரரின் 13 பெரிய போர்க்கப்பல்களில் 11 பிடிபட்டன அல்லது அழிந்தன. 1805 அக்டோபர் 21, டிரஃபால்கர் போரில் வென்று, 47 வயதில் 'விக்டரி' கப்பலில் உயிர்விட்டார். எழுதி முடிக்காத ஒரு கடிதம் அவர் மேசையில் கிடந்தது. அதுவும் இடது கையால் எழுதியதே.

நம்மை அடிமைப்படுத்திய சாம்ராஜ்யத்துக்காகப் போரிட்டவர் அவர். அதற்காக நாம் சலாம் போட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கைக்குப் போடலாம்.

நானும் தினம் ஒரு பக்கம் எழுதிப் பழகினேன். பேப்பர் நகராமல் இருக்க என் மாவுக்கட்டுக் கையையே மேலே வைத்துக்கொண்டேன். நெல்சனுக்கு அதுவும் இல்லை. ஹாஸ்டல் மெஸ்ஸில் இடது கையால் சாப்பிட முதலில் கூச்சம், சிலர் சிரிக்கவும் செய்தார்கள். ஸ்பூனை எடுத்துக்கிட்டேன், கூச்சம் போச்சு. கோணல் எழுத்திலேயே ரெக்கார்டை முடித்துக் கொடுத்தேன், கையெழுத்தும் வாங்கினேன்.

நண்பர்களே, ஏதாவது ஒன்று கைவிட்டுப் போனால் ஜூலை 27-ஐ நினைச்சுக்குங்க. மனசு உடைந்து எழுதிய கடிதம்தான்; ஆனாலும் அந்தக் கைக்கு அதுதான் முதல் பயிற்சி!