யார் இந்த வாலாஜாப்பேட்டை வேங்கடரமண பாகவதர்? தியாகராஜரை உருக வைத்த ஒரு நடை!

கர்நாடக சங்கீதம்னாலே ராகம் தெரியணும், தாளம் தெரியணும்னு ஒதுங்கிப் போறவங்க நிறைய பேர். மோகன ராகத்தில் தியாகராஜர் பாடிய ‘நன்னு பாலிம்ப’ கீர்த்தனையைக் கேட்க அதெல்லாம் வேண்டாம். அதற்குப் பின்னால் ஒருத்தர் நடந்த நடை தெரிந்தால் போதும்.

ஆரணியிலிருந்து ஆற்காடு போய்ப் பாலாற்றைத் தாண்டினால் வாலாஜாப்பேட்டை. ஆரணியைப் போலவே சௌராஷ்டிர நெசவுக் குடும்பங்கள் வாழும் ஊர். பட்டுநூல்காரர் என்று ஊரார் சொல்வது இவர்களைத்தான். அந்தச் சமூகத்தில் 1781-ல் பிறந்து, தஞ்சாவூர் பக்கம் அய்யம்பேட்டையில் வாழ்ந்தவர் வேங்கடரமண பாகவதர்.

துளசி கொண்டுவந்த பையன்

குருவின் பூஜைக்குத் தினமும் துளசி பறித்துக்கொண்டு அய்யம்பேட்டையிலிருந்து திருவையாற்றுக்கு நடந்தே வருவாராம். எனக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. தியாகராஜரே கவனித்துச் சேர்த்துக்கொண்டார் என்பது சிஷ்யர்கள் வழியாக வந்த கதை. பல வருஷம் கூடவே இருந்து கற்றவர், பிறகு வாலாஜாப்பேட்டையில் குடியேறினார்.

கல்யாணத்துக்கு வந்த ராமன்

தியாகராஜரின் ஒரே மகளுக்குக் கல்யாணம். சிஷ்யர் என்ன பரிசு கொண்டு போவது? பட்டு விளையும் ஊரிலிருந்து பட்டுதான் போயிருக்கும் என்று நினைப்போம். அவர் எடுத்துப் போனது ஒரு ராமர் படம். வாலாஜாப்பேட்டையிலிருந்து திருவையாறு 250 கிலோமீட்டருக்குக் குறையாது. ரயில் கிடையாது. பாலாறு, தென்பெண்ணை, கொள்ளிடம் என எல்லா ஆற்றையும் கடக்கணும். படத்தைச் சுமந்துகொண்டு நடந்தே போய்ச் சேர்ந்தார்.

படத்தைப் பார்த்த தியாகராஜருக்குச் சிஷ்யன் நடந்து வந்ததாகத் தோன்றவில்லையாம். தன்னைக் காப்பாற்ற ராமனே நடந்து வந்துவிட்டான் என்று உருகிப் பாடியதுதான் அந்த மோகனம். இதற்குக் கல்வெட்டு ஆதாரமெல்லாம் கேட்கக் கூடாது. ஆனால் பாட்டைக் கேட்டால் நம்பாமல் இருக்க முடியாது.

நோட்டுப் போட்டு வைத்தவர்

படத்தைவிடப் பெரிய சுமை ஒன்றையும் இவர் தூக்கினார். தியாகராஜர் பாடிக்கொண்டே போனார். எழுதி வைத்தது சிஷ்யர்கள்தான். மகள் வழிப் பேரனோடு அவருடைய நேர் வாரிசும் முடிந்துவிட்டது. உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாப்பேட்டை என்று மூன்று சிஷ்ய வழிகள்தான் பாட்டுகளைக் காப்பாற்றின. அதில் வாலாஜாப்பேட்டை வழியின் பலம் எழுத்து. வேங்கடரமண பாகவதரும் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் கீர்த்தனைகளை எழுதி, பலவற்றுக்கு ஸ்வரமும் குறித்தார்கள். தியாகராஜரின் வாழ்க்கையையும் எழுதினார்கள்.

குரு ஒருமுறை வாலாஜாப்பேட்டைக்கே வந்தார். அந்த வருகையைத் தோடி ராகத்தில் பாடி வைத்தவர் மைசூர் சதாசிவ ராவ், வேங்கடரமண பாகவதரின் சிஷ்யர்.

1847-ல் தியாகராஜர் மறைந்தார். அதன் பிறகும் 27 வருஷம் வாழ்ந்த பாகவதர், 1874-ல் காலமானார். அந்தச் சுவடிகளும் நோட்டுகளும் பின்னர் மதுரை சௌராஷ்டிர சபைக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று மேடையில் கேட்கும் மெட்டும் அந்த நோட்டும் சில பாட்டுகளில் ஒத்துப்போவதில்லை. எது தியாகராஜர் போட்ட மெட்டு என்ற வழக்கு கிளம்பும்போதெல்லாம், ஆய்வாளர்கள் புரட்டிப் பார்ப்பது இந்தப் பக்கங்களைத்தான்.