பட்டாணி முளைத்த படம்

குட்டீஸ், தாம்பரத்திலிருந்து படப்பைக்குப் பஸ்ஸில் போகும்போது பக்கத்து மரங்கள் வேகமாக ஓடும். தூரத்து மரங்கள் மெதுவாக நகரும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கேமரா எப்படி நகர்ந்தது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. அதனால்தான் சினிமா டைனோசர் வழுக்காமல் தரையில் நிற்கிறது!

கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் தந்திரக் காட்சி எடுத்தவர் தாதாசாகேப் பால்கே. 1870-ல் நாசிக் அருகே திரியம்பகத்தில் பிறந்தார். ஓவியம், போட்டோ, மேஜிக் எல்லாம் கற்றார். தன் பெயரைத் திருப்பிப் போட்டு 'புரொபசர் கெல்பா' என்று மேஜிக் காட்டினாராம்!

1912-ல் லண்டன் போய் கேமரா வாங்கி வந்தார். படமெடுக்கப் பணம்? தொட்டியில் பட்டாணி விதைத்து, எதிரே கேமராவை நிறுத்தினார். ஒரு மாதத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் படம்பிடித்தார். கேமரா துளி அசைந்தாலும் திரையில் செடி துள்ளிக் குதிக்கும், உழைப்பெல்லாம் வீண். அசையவில்லை. ஒரு நிமிடத்தில் விதை முளைத்துக் கொடியாவதைப் பார்த்ததும் கடன் கிடைத்தது.

மனைவி சரஸ்வதிபாய் நகைகளைக் கொடுத்தார். இருட்டறையில் பிலிமுக்குத் துளை போட்டதும் அவர்தான். 1913 மே 3-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளியானது. 1919-ல் வந்த 'காளிய மர்தன்' படத்தில் கிருஷ்ணனாக நடித்தது யார் தெரியுமா? பால்கேயின் மகள் மந்தாகினி! 1944-ல் நாசிக்கில் பால்கே காலமானார்.