டாக்டர் சுப்பாராவும் பெண்மக்களின் தேகபலமும்

ஆரணிப் பட்டின் பெருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அப்பட்டை நெய்வோர் ஆண்மக்களே என்று பேசுவது நம்மவர் வழக்கம். ஆனால் இழை சுற்றுவோரும், தார் போடுவோரும், அதற்குமேல் அடுப்பையும் குழந்தையையும் கவனிப்போரும் பெண்மக்களே. தறியில் அமர்ந்து நெய்யும் பெண்களும் உண்டு. இன்று இத்தகைய உழைப்பாளிப் பெண்களை நோக்கிக் கைபேசி வழியாக ஒரு புதிய வியாபாரம் நுழைகிறது. கிரியாட்டின் என்றொரு தூள் சோர்வைப் போக்குமாம். கொலாஜன் என்றொரு தூள் தோலையும் மூட்டையும் எலும்பையும் புதுப்பிக்குமாம். ஒரு டப்பாவின் விலை பல நாட் கூலியை விழுங்கிவிடும்.

தீர்ப்புக்கு முன் சாட்சியத்தை விசாரிப்பதே முறை. இவ்விசாரணைக்கு ஏற்ற வழிகாட்டி, சென்னையிற் கல்வி பயின்று அமெரிக்காவில் அரும்பணி ஆற்றிய டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களே. தசையிற் கிரியாட்டின் செய்யும் வேலையை உலகிற்கு விளக்கியவர்களில் அவர் முன்னணியில் நின்றவர்.

அவர் 1895 ஜனவரி 12-ஆம் நாள், அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில், வறுமையுற்ற ஒரு குடும்பத்திற் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீக்ஷையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னையிலிருந்து தேறினார். துறவு பூண விரும்பிய அவரை அன்னையார் தடுத்தார். சகோதரர் இருவரை ஸ்ப்ரூ என்னும் கொடிய கழிச்சல் நோய் சில நாள் இடைவெளியிற் கொண்டுபோயிற்று. பிறர் பொருளுதவியால் அவர் சென்னை வைத்தியக் கல்லூரியிற் பயின்றார்.

அக்காலத்தில் காந்தியடிகளின் அழைப்பு தேசமெங்கும் ஒலித்தது. சுப்பாராவ் அந்நியத் துணியை நீத்துக் கதர் அங்கியுடன் சத்திர சிகிச்சை வகுப்பிற்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியர் வெகுண்டார். பரீக்ஷையில் நன்கு எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமற் போயிற்று. அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே கைக்கு வந்தது. கையால் நெய்த துணிக்காகத் தம் பட்டத்தை விலை கொடுத்த இவரை நெசவாளர் ஊர்கள் மறத்தல் தகாது.

சிறிது காலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தபின், 1920-களின் முற்பகுதியில், மனைவியாரைத் தாய்நாட்டில் விட்டுப் பாஸ்டன் நகரம் சென்றார். அவர் திரும்பி வரவேயில்லை. இரவில் ஆஸ்பத்திரி ஒன்றிற் சிற்றாளாக வேலை செய்து, பகலில் ஹார்வர்டு சர்வகலாசாலையிற் பயின்றார்.

1925-ல் அவரும் சைரஸ் ஃபிஸ்கே என்னும் ஆசிரியரும் இரத்தத்திலும் பிற பொருள்களிலும் உள்ள பாஸ்பரஸை நிறத்தைக் கொண்டு அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். அவ்வளவுகோலைத் தசையின்மீது வைத்தபோதுதான் புதிய உண்மை வெளிப்பட்டது. கிரியாட்டின் பாஸ்பேட்டுடன் கூடித் தசையில் தங்கியிருப்பதை 1927-ல் அறிவித்தனர். இலண்டனில் வேறு இருவரும் அதே ஆண்டில் அதனைக் கண்டனர். 1929-ல், உயிரணுக்களின் சக்தி நாணயம் எனத்தக்க ஏ.டி.பி. என்னும் பொருளையும் பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் லோமான் என்பவரும் அதனைத் தனியே கண்டறிந்தார். தசை திடீரென உழைக்கும்போது ஏ.டி.பி. விரைவிற் செலவாகிறது, கிரியாட்டின் பாஸ்பேட் அச்செலவைச் சில விநாடிகளுக்கு ஈடு செய்கிறது. வியாபாரிகள் இன்று விற்கும் தூளுக்குச் சாஸ்திர அடிப்படை இதுவே.

அடிப்படை உண்மையாயிருப்பதால் விளம்பரமெல்லாம் உண்மையாகிவிடாது. நம் உடலே நாள்தோறும் சுமார் 1 கிராம் கிரியாட்டினை உண்டாக்குகிறது. மீனும் இறைச்சியும் மேலும் தருகின்றன. சைவ உணவினரின் தசையில் இருப்பு குறைவு. நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் உட்கொண்டு, பளு தூக்கும் பயிற்சியும் செய்தால், பலம் ஓரளவு கூடுவதற்கு நல்ல சாட்சியம் உண்டு. ஆனால் கனடாவில், மாதவிடாய் நின்ற 237 பெண்களிடம் பயிற்சியுடன் இரண்டாண்டு நடத்தி 2023-ல் வெளியிட்ட சோதனையில், எலும்பின் அடர்த்தியை அது காக்கவில்லை. மனச்சோர்வு, ஞாபகசக்தி பற்றிய சாட்சியம் இன்னும் முதிராதது.

கொலாஜனின் வழக்கு இதனினும் பலவீனமானது. அதன் மும்முறுக்கு அமைப்பை 1954-ல் நம் சென்னையிலேயே ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் விளக்கினர், அப்பெருமை நமக்குண்டு. எனினும் உண்ட கொலாஜன் முழுதாய்ச் சென்று தோலில் ஒட்டிக்கொள்வதில்லை. வயிற்றிலும் குடலிலும் சிறு துண்டுகளாய்ச் சிதைகிறது. தோலைப் பற்றிய 23 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2025-ல் வெளியான ஆய்வு, கம்பெனிகளின் பணம் பெற்ற சோதனைகளிற் பயன் தெரிவதையும், அது பெறாதவற்றில் தெரியாததையும் காட்டியது. கட்சிக்காரரின் பணம் பெற்ற சாட்சியை எந்த நீதிஸ்தலம் அப்படியே ஏற்கும்?

சுப்பாராவ் பெண்மக்களுக்கு அளித்த மெய்யான கொடை வேறொன்று. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர், 1928 முதல் பம்பாயில் நெசவாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாரம் அதனைத் தீர்ப்பதைக் கண்டார். அச்சாரத்தில் இருந்த சத்தே ஃபோலிக் அமிலம். 1940-ல் லெடர்லி ஆய்வுக்கூடத்திற் சேர்ந்த சுப்பாராவின் தலைமையில், 1945-ல் அது செயற்கையாய் ஆக்கப்பட்டது. அவர் சகோதரரை மாய்த்த ஸ்ப்ரூ நோய்க்கும் அதுவே மருந்தாயிற்று. முன்பு நரம்புக் குழாய்க் குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மாரிடம் 7 தேசங்களில் நடத்தி 1991-ல் வெளியிட்ட சோதனையில், கருத்தரிக்கும் முன்பிருந்தே அதை உண்டவர்களுக்கு அக்குறை மீண்டும் நேர்வது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது. சாட்சியம் என்றால் இதுவன்றோ சாட்சியம்!

யானைக்கால் நோய்க்கும், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் மருந்து காணும் முயற்சிகளையும் நடத்திய அவர், 1948 ஆகஸ்டில், 53-ஆம் வயதில், நியூயார்க்கில் உயிர் நீத்தார். அமெரிக்கப் பிரஜையாகாமலே மறைந்தார். தேசம் 1995-ல் ஒரு தபால் தலையால் அவரை நினைவுகூர்ந்தது. அது போதுமா?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகையுற்றிருந்தனர். தார் சுற்றும் பெண்ணின் கை ஓய்வதும், படியேறினால் மூச்சு வாங்குவதும் இரத்தக் குறைவாலாயின், கிரியாட்டின் அதனைத் தீர்க்காது, கொலாஜனும் தீர்க்காது. கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கூடிய மாத்திரையை, 180 நாட்களுக்குச் சர்க்கார் இலவசமாகவே தருகிறது. அது பல வீடுகளில் உறை பிரியாமற் கிடக்க, டப்பாவுக்குக் கடன் வாங்குவது பேதைமை.

ஊர்ப்பணி புரியும் அன்பர்களுக்கு நாம் சொல்வது இதுவே. ஆரணித் தெருக்களில், நெசவாளர் சங்கங்களின் வாயிலாகப் பெண்களின் இரத்தத்தைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். மாத்திரை வயிற்றைப் புரட்டினால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். கீரையும் பருப்பும், உண்போர்க்கு முட்டையும் மீனும், ஆண்களுக்குப் பரிமாறிய பின் மிஞ்சுவதாக இல்லாமல் பெண்களுக்கும் உரிய பங்காகக் கிடைக்கச் செய்யுங்கள். முதலில் அளந்து, பிறகு நம்புவதே சுப்பாராவ் காட்டிய வழி.